தட்டிப் பார்ப்பவர்

விரல்கள் சுவரில் ஊர்கின்றன. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. ஜன்னல் ஓரத்திலிருந்து அலமாரி வரை இடுப்பு உயரத்தில் ஒரு முறை, தலை உயரத்தில் ஒரு முறை. நாடி பிடிக்கும் வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். குடியிருந்தவர் காலி செய்கிற நாளில் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கும் வீட்டுக்காரர் அவர். இந்த இனத்துக்குத் தட்டிப் பார்ப்பவர் என்று பெயர்.

வாடகைக்கு விடும்போது இவரைப் பார்த்திருக்கிறீர்களா? குழாய் சொட்டுகிறதே என்றால் "பழகிடும்" என்பார், கதவு இடிக்கிறதே என்றால் "மழை விட்டா சரியாயிடும்" என்பார், சுவரில் விரிசல் என்றால் "சுவரும் மூச்சு விட வேணாமாம்மா?" என்று நம்மையே கேட்பார். அதே வீடு காலி செய்கிற அன்று காலையில் அரண்மனையாகிவிடுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இவரிடம் மண்குடமே கிடையாது.

இந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு நர்ஸ். தரையைக் கழுவி, ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, ஒரே ஒரு ஆணி இருந்த இடத்தையும் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்திருந்தார். கீழே லாரியில் சாமான்களோடு கணவர் காத்திருக்கிறார். அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் புது வீட்டில் கதவு திறக்கும். அதுவோ வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

வீட்டில் சேதமே இல்லை. தட்டிப் பார்ப்பவருக்கு இதைவிட வேறு சோதனை உண்டா? இல்லை என்றால் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

"இங்க ஆணி அடிச்சிருக்கீங்க."

"அங்க இல்ல சார். அலமாரி பக்கம்தான். அதையும் அடைச்சிட்டேன்."

"இங்கயும் அடிச்சு அடைச்சிருக்கீங்க."

நகத்தால் சுரண்டினார். ஆணித்துளை வரவில்லை. சாவியால் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து, கழுவிய தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்தது தரை. காசால் தட்டினார், சத்தம் போதவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த சுத்தியலின் பிடியால் தட்டினார், சந்தேகம் தீரவில்லை. திருப்பிப் பிடித்து அதன் தலையால் ஒன்று வைத்தார். சடக்.

"கீறல்."

"இப்பதானே சார் விழுந்துச்சு?"

"உள்ளுக்குள்ள இருந்திருக்கும்மா. வெளிய தெரிய வேண்டாமா?"

பிறகு பின்கதவு. தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்தார். உறுதியாகத்தான் இருந்தது. அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஆளா? காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். தாழ்ப்பாள் திருகாணிகளோடு கையில் வந்துவிட்டது.

நர்ஸ் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நோயாளி நல்லாத்தான் சார் இருந்தாரு. செக்கப்புலதான் போயிட்டாரு."

"கிண்டலாம்மா? இதையெல்லாம் யாரு சரி பண்றது?"

"உடைச்சவங்க பண்ணட்டும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இந்தப் பொண்ணு இருந்தப்பல்லாம் இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க வந்து ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகல. போதும், கூரை மிச்சம் இருக்கட்டும்."

கைப்பையைத் திறந்து அட்வான்ஸை நர்ஸின் கையில் வைத்தார். நர்ஸ் சாவியை நீட்ட, வீட்டுக்காரரின் கையும் தானாக நீண்டது.

"அவர்கிட்ட வேணாம்மா, என்கிட்ட குடு. பூட்டையும் இழுத்துப் பாப்பாரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இரவல் போன குடை திரும்பி வந்த அன்று, அதைப் பத்துத் தரம் விரித்து மடக்கிக் கடைசியில் கம்பியை ஒடித்தது யார்? பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் சுண்டிப் பார்த்தது யார்? போகட்டும். இந்தப் புத்தகத்தையும் யாருக்காவது படிக்கக் கொடுப்பீர்கள். திரும்பி வரும்போது வாங்கி அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று உதறிப் பார்க்க ஆரம்பித்தால், முதலில் கிழிவது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். இதோ, முழுசாகத்தான் கொடுக்கிறேன். பிடியுங்கள்.