பார்த்துப் போட்ட மார்க்

"கண்ணால பார்க்காமப் போட்ட மார்க் எனக்கு வேண்டாம் சார்."

பயிற்சி டாக்டர் ரொவேனா மார்க் தாளைத் திருப்பி நீட்டியதும் பேராசிரியர் வில்யாஃப்ளோருக்குக் காபி புரையேறியது. பயிற்சி டாக்டர்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவது அவர் வழக்கம். இலோயிலோ நகரின் அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வந்த நாளாக யாரும் அதில் குறை கண்டதில்லை.

"பாஸ் போட்டா கசக்குதாம்மா?"

"நான் ஊசி குத்துறத ஒருநாளாவது பார்த்திருக்கீங்களா? பார்த்துட்டு பெயிலாக்குங்க, ஏத்துக்கறேன்."

"பாஸானா அடுத்த மாசம் இதய வார்டு. பெயிலானா இங்கேயே இன்னொரு வருஷம். அப்புறம் அழக்கூடாது!"

பரீட்சைக்கு வாய்த்தவர் டென்சியோ தாத்தா. அவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். வாராவாரம் ஊசி குத்தி அதை இறக்குபவள் ரொவேனாதான்.

முதல் தடவை பேராசிரியர் வந்து நின்றபோது, தாத்தா வீட்டிலிருந்து ஒரு தட்டு பன்சித் வந்திருந்தது. டியூட்டியில் நூடுல்ஸ் தின்றால் நோயாளிகள் அதே நீளத்துக்கு வரிசை கட்டுவார்கள் என்பது நேற்றுச் சேர்ந்த நர்சுக்குக்கூடத் தெரியும். பெரியவர் மனம் நோகக்கூடாதே என்று பேராசிரியர் இரண்டு வாய் தின்றார். அவ்வளவுதான், ஒரு ஜீப்னி வண்டி நிறைய ஆட்கள் அடிபட்டு வந்து இறங்கினார்கள். அவர் ஓடினார். ரொவேனா தனியாகவே நீரை இறக்கினாள். பார்க்க ஈ காக்கை இல்லை.

"அஞ்சே போட்டுடறேன், விட்டுடும்மா."

"மாட்டேன் சார். அடுத்த வாரம் வாங்க."

வந்தார். ஊசி பட்டதும் தாத்தா அலறினார்.

"ஐயோ, கொல்றாளே!"

மரத்துப்போக இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாள். அலறல் கூடியது. இன்னும் மெதுவாகக் குத்தினாள். பக்கத்து வார்டே திரண்டுவிட்டது. பேராசிரியரின் பேனா ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கி, பெயில் மார்க்கான இரண்டில் வந்து நின்றது.

ரொவேனாவுக்கு அழுகை முட்டியது. ஊசியை மட்டும் அசையாமல் பிடித்தாள். நீர் சீராக இறங்கியது.

"ரெண்டே போடுங்க சார். ஓசியில வந்த அஞ்சுக்கு, பார்த்துப் போட்ட ரெண்டு மேல்!"

பேராசிரியருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. தாத்தாவிடம் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. அவ்வளவு வலிச்சுதா?"

தாத்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்:

"அவ குத்துனதே தெரியல டாக்டர். தயவுபண்ணி பெயிலாக்கிடுங்க! இவ போயிட்டா, நீங்க அஞ்சு மார்க் போட்ட பசங்கள்ல ஒருத்தன்தானே என் வயித்துல கை வைப்பான்!"