நாற்பத்தி நாலாம் நம்பர் வீட்டு நடைபாதை

கார் வைப்பருக்கு அடியில் செருகியிருந்த நோட்டீஸை ட்ரெவர் எண்ட்விசில் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதில் ஒரே விஷயம்தான் இருந்தது. அனுமதி வாங்காமல் பொது நடைபாதையின் குறுக்கே காரை ஏற்றி வீட்டு முன்புறத்தில் நிறுத்துகிறீர்கள், பதினான்கு நாளுக்குள் இந்தப் பழக்கத்தை விடாவிட்டால் நகர கவுன்சில் நடவடிக்கை எடுக்கும்.

பழக்கமாம். பத்தொன்பது வருஷமாக ஏற்றுகிறார். முன்தோட்டத்து ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் போட்ட நாளிலிருந்து, நடைபாதை விளிம்பில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் டயரை ஏற்றி, கார் உள்ளே போகும், வெளியே வரும். முறைப்படி போவதென்றால் கவுன்சிலுக்கு மனு போட வேண்டும். அவர்கள் வந்து விளிம்புக் கல்லைத் தாழ்த்திக் கொடுப்பார்கள். என் வீட்டுக்குள் நான் போக எவனுக்கு மனுப் போடுவது என்பது ட்ரெவரின் கட்சி.

"எவளோ போட்டுக் கொடுத்திருக்கா," என்றார் சமையலறைக்குள் நுழைந்து.

"எவளோன்னு ஏன் சுத்தி வளைக்கிற? எதிர் வீட்டு பாலின்தான்னு சொல்லேன்," என்றாள் டோரீன். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா.

டோரீனுக்கு இரண்டு வருஷமாக இடுப்பு சரியில்லை. வாசற்படியிலிருந்து கார் கதவுக்கு நாலு எட்டு. கைத்தடியோடு அதைத்தான் அவளால் வைக்க முடியும். அதற்கு மேல் ஓரடி வைத்தாலும் முகம் வெளுத்துவிடும். தெருவில் காரை நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால்தான் கிடைக்கும். எட்டு மாதம் காத்திருந்து, இடுப்பு மாற்று ஆபரேஷனுக்காகப் பெரிய டாக்டரைப் பார்க்க இப்போதுதான் தேதி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரை, சரியாகப் பதினைந்தாம் நாள். தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி எட்டு மாதம் நிற்க வேண்டும்.

அதனால் ட்ரெவரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மனுஷன் நேரே எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

பாலின் கிரிம்ஷா ரிட்டயரான தலைமை ஆசிரியை. ஜன்னல் வலைத் திரைக்குப் பின்னால் நின்று தெருவைக் கவனிப்பதே அவருக்கு இப்போது உத்தியோகம். நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், ஒரு காற்புள்ளி தவறு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் எழுதலை ட்ரெவர். எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டு உங்களுக்கும் ஒரு காப்பி குடுத்திருப்பேன். மறைஞ்சிருந்து கல்லெறியற பழக்கம் எனக்கு இல்ல."

ட்ரெவர் நம்பவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சட்டமென்றால் எல்லாருக்கும் சட்டம். இதே தெருவில் இன்னும் பதினோரு பேர் இப்படித்தான் கார் ஏற்றுகிறார்கள் என்று வீட்டு நம்பர், கார் நிறம் சகிதம் பட்டியல் போட்டார். பதினோரு பேர் மேலும் கை வைக்கக் கவுன்சிலுக்குத் தைரியம் வராது, தன் நோட்டீஸும் கிடப்பில் போய்விடும் என்பது கணக்கு.

கவுன்சிலுக்குத் தைரியம் வந்தது. நாலே நாளில் பதினோரு காரிலும் பதினோரு நோட்டீஸ். யார் பட்டியல் கொடுத்தது என்பது அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பீர்க்கடையில் ட்ரெவர் உள்ளே போனால் பேச்சு நின்றது. ஐம்பத்திரண்டாம் நம்பர் பாரி, தன் வேனைக் கொண்டுவந்து ட்ரெவரின் வாசலை அடைத்து நிறுத்தினான். எடுக்கச் சொன்னதற்கு, "எங்கேயாவது விளிம்புக் கல் தாழ்ந்திருக்கா? இல்லல்ல? அப்ப இது வாசலே இல்ல அண்ணே, வெறும் தெரு," என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் ட்ரெவருக்கு வயிற்றெரிச்சல்.

வேறு வழியில்லாமல், பத்தொன்பது வருஷமாகப் போடாத மனுவைப் போட்டார். அவசரம் என்று தினமும் போன் செய்து உயிரை எடுத்ததில், லொரெய்ன் என்ற அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். மழைக்கோட்டின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அளந்தார். வீட்டுச் சுவரிலிருந்து நடைபாதை வரை நாலே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். இருந்தது நாலரை. முன்வாசலில் நீட்டிக்கொண்டிருந்த, செங்கல் அரைச்சுவர் வைத்த கண்ணாடிக் கூண்டுதான் இடத்தைத் தின்றது. டோரீன் ஆசைப்பட்டுக் கட்டின கூண்டு அது. குடை, மழை பூட்ஸ், ஜெரேனியம் தொட்டி எல்லாம் அதற்குள்தான்.

மறுநாள் ட்ரெவர் சம்மட்டியை எடுத்தார்.

"எனக்காகவா இடிக்கிற?" என்று உள்ளே இருந்து கேட்டாள் டோரீன்.

"பின்ன யாருக்காக?"

"அப்ப எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்து."

நிறுத்தவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் கூண்டு செங்கல் குவியலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கூண்டு பெயர்ந்த ஓட்டை வழியாக மழை நேரே கூடத்துக் கம்பளத்தில் பெய்தது. செங்கல்லின் மேல் ஜெரேனியம் தொட்டியை வைத்துவிட்டுக் கூடத்தில் வாளி வைத்தார்கள்.

திங்கட்கிழமை லொரெய்ன் மறுபடி வந்தார். நீளம் சரியாக இருந்தது, அவரே பாராட்டினார். பிறகு திரும்பிப் பார்த்தார். வாசலின் ஓரத்தில், ஒரு முழம் தள்ளி, தெருவிளக்குக் கம்பம். கம்பத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கல்லைத் தாழ்த்த விதி இடம் கொடுக்காது என்றார்.

"இதைப் போன தடவையே சொல்றதுக்கு என்ன?" என்றார் ட்ரெவர்.

"போன தடவை நீளத்திலேயே தள்ளுபடி ஆயிடுச்சு. அடுத்த விதியைப் பாக்க அவசியம் வரலை."

அன்று ட்ரெவர் கத்தின கத்தலை பாலின் திரையை விலக்கியே கேட்டார். வரி வாங்கத் தெரிகிறது, நடைபாதையைப் பராமரிக்கத் தெரியவில்லை. இதே வாசலில் உடைந்து கிடந்த கல்லில் இடறித்தான் டோரீன் விழுந்தாள், இடுப்பு முறிந்தது. அப்போது ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது மட்டும் நாடாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று. லொரெய்ன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். குறித்துக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசியில் ட்ரெவருக்கு ஒரு யோசனை உதித்தது. கார் உள்ளே நின்றால் கவுன்சில்காரனால் என்ன செய்ய முடியும்? உள்ளே இருக்கிற காரை அடைத்து வைக்க எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது. பாரி வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன நேரம் பார்த்துக் காரை உள்ளே ஏற்றினார். அதற்கப்புறம் அசைக்கவே இல்லை. ரொட்டி வாங்கக்கூட நடந்தே போனார்.

வியாழக்கிழமை விடிந்தது. எட்டு மணிக்கு மாடியில் டோரீனுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது கீழே டர்ர்ர் என்று துளைக்கும் சத்தம் கேட்டது. கழிவுநீர்க் குழாய் வேலை என்று நினைத்தார். அவளைப் படிப்படியாக இறக்கி, கோட்டு மாட்டி, கதவைத் திறந்தபோது மணி எட்டே முக்கால்.

நடைபாதையில் புத்தம் புதிதாக மூன்று இரும்புத் தூண்கள். அடியில் சிமெண்ட் இன்னும் ஈரம். தூண்களுக்கு இந்தப் பக்கம் கார்.

"இதை எப்படிய்யா வெளிய எடுக்கிறது?" என்றார் ட்ரெவர்.

மஞ்சள் சட்டை போட்ட மேஸ்திரி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "காரை எடுக்கச் சொல்லி மூணு தடவை மணி அடிச்சோம் சார். யாரும் வரலை. தூண் நடச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு, கார் இருக்கா இல்லையான்னு அதுல கேக்கலை."

மழையில் மணியும் நனைந்து செத்துக் கிடந்தது. கூண்டு இருந்தவரை நனையாமல் இருந்த மணி.

டாக்சிக்கு போன் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். டோரீன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். எட்டு மாதம் போச்சு என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. அழவில்லை, அதுதான் ட்ரெவருக்குத் தாங்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பாலின் தன் அம்மாவின் பழைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். ட்ரெவரை அவர் பார்க்கவே இல்லை. "உக்காரு டோரீன். என் கார் சர்ச்சுக்குப் பின்னாடி நிக்குது, அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்," என்றார். நாற்காலி தூண்களுக்கு நடுவே தாராளமாக நுழைந்து போனது. திருப்பத்தில் டோரீன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், கை ஆட்டவில்லை.

கோபம் முழுவதும் இப்போது மேஸ்திரி ஒருவர் மேல்தான் இறங்க முடியும். இறங்கியது. என் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தின அந்தப் புகாரை யார் கொடுத்தது, பாலின் இல்லையென்றால் எந்தப் பாவி, பெயரைச் சொல்லாமல் இந்த இடத்தை விட்டு நகர விடமாட்டேன் என்று லாரியை மறித்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி தேநீரைக் கீழே வைத்தார். லாரியிலிருந்து வேலைத் தாளை எடுத்து, பின்னால் குத்தியிருந்த நகலைப் புரட்டினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த புகார் சார், இப்பதான் எங்க முறை வந்திருக்கு. 'என் வாசல் நடைபாதையில தினமும் வண்டி ஏத்திக் கல்லை உடைச்சு, என் பொண்டாட்டி இடுப்பை முறிச்ச அந்தப் படுபாவி யாரா இருந்தாலும் சரி, இனி ஜென்மத்துக்கும் ஏற முடியாதபடி இரும்புத் தூண் நடுங்க.' கையெழுத்து, ட்ரெவர் எண்ட்விசில், நாற்பத்தி நாலாம் நம்பர்."