உன் அக்காவும் பதினொரு ரம்பங்களும்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் பதினொரு ரம்பங்களும் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள்; உங்கள் வீட்டில் ரம்பம் இல்லாததால் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள், ஓய்வுபெற்றால் தூங்குவாள், டிவி பார்ப்பாள், என்னைக் குறை சொல்வாள் என்று நம்பியிருந்தேன். மூன்றாவது மட்டும்தான் நடந்தது. இரண்டாம் வாரமே பழைய பேப்பர் போட இரும்புக் கடைக்குப் போனவள், பேப்பருக்குப் பதிலாக மரம் அறுக்கும், பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எங்கள் கல்யாணத்துக்கும் மூத்த ரம்பம். துருப்பிடித்து, பல்லெல்லாம் மழுங்கிக் கிடந்தது. “இது எதுக்கு? வீட்டுல ஒரு ரோஜாச் செடிகூடக் கிடையாதே” என்றேன். “அறுக்கவா வாங்கினேன்? இதுக்கு இன்னும் உயிர் இருக்குதுங்க, பொழைச்சுக்கும்” என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டி, அதன் வயிற்றைத் திறந்தாள். நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் என்றால் உள்ளங்கையில் வைக்க வேண்டும். தப்பானதை வைத்துவிட்டால் திட்ட மாட்டாள், மாஸ்க்குக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குத் திட்டே தேவலை. கார்புரேட்டர் ஊறியது பால் காய்ச்சும் பாத்திரத்தில். கழுவிய செயின் காய்ந்தது கொடியில், என் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில். இப்போது என்னிடம் வெள்ளைச் சட்டை என்று எதுவும் கிடையாது. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, கட்டிலுக்கடியில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பெயர் கிடையாது, பெட் நம்பர்தான். காலையில் எழுந்ததும் குனிந்து அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்க்கிறாள்.

அவளுக்குத் தோள் வலி என்பதால் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுப்பது என் பொறுப்பு. “இன்னும் ஒரே ஒரு தடவை இழுங்க, மூச்சு வருது பாருங்க” என்பாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். தோள் பிசகி எலும்பு டாக்டரிடம் போய், ரம்பம் இழுத்ததில் வந்த வலி என்றேன். “எந்த மரத்தைச் சார் வெட்டினீங்க?” என்றார். “மரமே இல்லை டாக்டர்” என்றேன். அவர் தோளை விட்டுவிட்டு, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறேனா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் கீழ்வீட்டிலிருக்கும் வீட்டு ஓனர், ரம்பப் புகை வந்த வழியைப் பிடித்துக்கொண்டே மாடியேறி வந்தார். “சார், இது வீடா, பட்டறையா? அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க.” முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். வீடா ரம்பமா என்று வந்தால் வீட்டைத்தானே சொல்வாள்? உன் அக்கா சொன்னாள்: “அடுத்தது கீழ்வீடாப் பாருங்க. இதுகளைத் தூக்கிட்டு மாடி ஏற முடியல.”

போன செவ்வாய்க்கிழமை காலை அடித்த காற்றில், தெருவோர மரம் வேரோடு சாய்ந்து எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டது. உள்ளே ஓனரின் மகளுக்குப் பிரசவ வலி, வெளியே ஆம்புலன்ஸ். தீயணைப்பு வண்டி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஓனர் மரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார், பாவம். உன் அக்கா கீழே போய்ப் பெண்ணின் நாடியைப் பார்த்தாள். “பயப்படாதம்மா, நேரம் இருக்கு” என்றாள். என் பக்கம் திரும்பி, “பெட் நம்பர் நாலை எடுத்துட்டு வாங்க!” என்றாள். கொண்டுவந்தேன், இழுத்தேன். நான்கு மாதமாக என் கையை முறித்த சனியன், முதல் இழுப்பிலேயே உறுமியது! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையினால்தான். அவள் அறுக்க அறுக்க, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு ஓனர் கட்டைகளைச் சுமந்தார். இருபது நிமிடத்தில் வழி. மதியம் பேத்தி.

அத்தோடு என் கடைசி நம்பிக்கையும் போயிற்று. காலி செய்ய வேண்டாமாம். அதோடு விட்டாரா? தன் மாமனார் வைத்திருந்த பழைய ரம்பத்துக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து, “அம்மா கையால சரியாகணும்” என்று நீட்டினார். அதுதான் பதினொன்றாவது.

ஆகவே நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வந்து, நானா ரம்பங்களா என்று அவளிடம் கேட்டுவிட வேண்டும். பக்குவமாகக் கேள். பதில் சொல்ல ரொம்ப யோசித்தாள் என்றால் பேச்சை மாற்றிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கயிறு இழுத்த வலது கை, கழுத்தில் மாட்டிய தூளியில் கிடப்பதால் இதை எழுதும் இடது கையாலேயே ஆசீர்வதித்திருக்கிறேன், பலன் குறையாது.

இப்படிக்கு,
நிம்மதி நாடும்
அத்தான்

பி.கு.: இன்றைய பேப்பரில் ஒரு விளம்பரம். உங்கள் ஊரில் ஒருவர், இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் பழைய ராட்சத செயின் ரம்பம் ஒன்றை விற்கிறாராம். உன் அக்கா வேண்டாம் என்கிறாள், இடமில்லையாம். அவளுக்கு அவ்வளவுதான் ரசனை. மேலே எழுதியதையெல்லாம் விடு. கடிதம் கிடைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு, எவனாவது முந்திவிடப் போகிறான். டார்ச் அடித்து பிஸ்டனில் கீறல் இருக்கிறதா என்று பார். ஞாயிறன்று வரும்போது கையோடு கொண்டுவா. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். மறுபக்கம் பிடிக்க உன் அக்கா சம்மதிக்கும்வரை நீதான் இங்கே தங்க வேண்டியிருக்கும். ஆபீஸில் லீவு சொல்லிவிடு.