நீச்சல் மாஸ்டரின் படகை வேண்டாம் என்று சொன்ன விவரம்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், நாலு சுவர், குழாயில் சொட்டும் தண்ணீர் ஆகிய எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் தங்கை சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா, சொன்னதில் ஒரு வார்த்தையாவது நல்ல வார்த்தையா என்று அறிய ஆவல். உங்கள் மூட்டுவலியையும் லாரிப் பட்டறையையும் கடைசியில் விசாரிக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். படகு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இதை நீங்கள் அவளிடம் சொல்லி, அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்பீர்கள். அவள் போனை எடுப்பதில்லை. நீங்கள் எடுத்தாலோ, "மாப்ளே, லாரிக்கு அடியில படுத்திருக்கேன், அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

இந்த வயதில் இந்த ஆளுக்குப் படகு எதற்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ரொட்டி ஆலையில் எனக்கு வாழ்நாள் முழுக்க இரவு ஷிஃப்ட். அவளுக்கு நூலகத்தில் பகல் வேலை. நான் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள், அவள் உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். வாசல்படியில் சாவியைக் கை மாற்றிக்கொள்வோமே, அந்த நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. இருவரும் ஓய்வு பெற்றால் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம் என்று பார்த்தால், பழக்கதோஷம் விடவில்லை. நான் கூடத்தில் இருந்தால் அவள் சமையலறைக்குப் போகிறாள். நான் சமையலறைக்குப் போனால் "ஏதாவது வேணுமா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். வீடு பெரிதாக இருப்பதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. படகு என்றால் எங்கே போக முடியும்? இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், நடுவில் ஒரு டீ பிளாஸ்க். பின்பக்கம் திறந்திருக்கும், அங்கே உட்கார்ந்து நான் தூண்டில் போடுவேன். முன்பக்கம் சின்ன அறை, இரண்டு படுக்கை. தண்ணீரில் பட்ட வெயில் அறைக் கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்வாள், நான் என்ன என்று கேட்பேன், ஒன்றுமில்லை என்பாள். ஆறு கடலில் சேரும் இடம்வரை போவோம், பிடித்திருந்தால் அங்கேயே ராத்திரி நங்கூரம் போட்டுத் தங்குவோம். மச்சான், இதை நினைத்துக்கொண்டு படுத்தால் கட்டில் லேசாக ஆடும். சத்தியமாகச் சொல்கிறேன், ஆடும்.

கையில் இருந்த பணத்துக்குப் புதுப் படகின் நங்கூரம்தான் வரும் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஆகவே பழைய படகு. அதிலும் மீன் பிடிக்க ஒரு படகு, ஊர் சுற்ற ஒரு படகு என்று வாங்க நான் என்ன மகாராஜாவா? இரண்டுக்கும் ஒன்றாக வேண்டும். உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்களும் லாரிக்கு அடியிலிருந்து, "என்ஜின்தான் மாப்ளே முக்கியம், சூடு விஷயத்தை மட்டும் மறந்துடாதீங்க" என்று ஏதோ சொன்னீர்கள். சூடு என்பது மட்டும் நினைவிருந்தது. இருக்க வேண்டுமா, இருக்கக் கூடாதா என்பது மறந்துவிட்டது. அதன் பலனைப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது ஒரு பல் டாக்டரின் படகு. பளபளவென்று வெள்ளை. புதுப் பெயிண்ட் அடித்த பழைய பொருளை நம்பாதே என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொல்லியிருந்தார், ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குப் புத்தி எங்கேயோ போய்விட்டது. தளத்தில் ஓர் இடம் மெத்தென்று இருந்தது. "இது என்ன டாக்டர்?" என்றேன். "ஒண்ணுமில்லை, சின்ன சொத்தை. அடைச்சிருக்கேன். வேர் பலமா இருக்கு" என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். விட்டேன். முழங்கால்வரை போயிற்று. டாக்டர் பதறவில்லை. "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லி, என் காலைப் பக்குவமாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்தார். வீட்டுக்கு வந்தபோது என் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க வெள்ளை. உங்கள் தங்கை பார்த்துவிட்டு மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து வைத்தாள்.

அடுத்தது மீன் வியாபாரியின் படகு. மரம் நல்ல மரம், தட்டிப் பார்த்த இடமெல்லாம் கெட்டி. என்ஜினில் கையை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. ஆஹா, மச்சான் சொன்ன சூடு இதுதான், பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறது என்று பூரித்துப்போனேன். ஒரே இழுப்பில் கிளம்பியும் விட்டது. வியாபாரி, "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்றார். இங்கேதான் என் ஜாதக தோஷம் வேலை செய்தது. பகல் வெளிச்சம், லேசான ஆட்டம், கீழே சீரான இரைச்சல். ரொட்டி ஆலைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளோட்டம் தொடங்கியதுமே தூங்கிவிட்டேன். நல்ல கனவு வந்தது. மீன்கள் வரிசையாக நூலகத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் புரட்டுகின்றன, உங்கள் தங்கை உதட்டில் விரல் வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவே நடக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் அவசரமில்லை. விழித்துப் பார்த்தால் படகு நடுத்தண்ணீரில் நிற்கிறது. என்ஜின் நின்று வெகுநேரமாம், ஆறிப்போனால் கிளம்பாதாம். நான் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தது வியாபாரி வாயாலேயே வந்தது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிப் பார்க்கத்தான் நீங்கள் சொன்னீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. வேறொரு படகு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. மீன் வாடை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து ஒரு பூனை வீடுவரை வந்து, இன்றுவரை போகவில்லை. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். நான் வைக்கவில்லை. பூனைக்குப் பால் வைத்தேன்.

மூன்றாவது படகுக்குத்தான் உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். நானாகக் கூப்பிடவில்லை, "நானும் வந்து பார்க்கறேன், நீங்க தனியா போய் எங்கேயாவது காலை விட்டுட்டு நிக்காதீங்க" என்று அவளே கிளம்பினாள். விற்பவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். நீச்சல் தெரிந்தவன் விற்கும் படகில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் மச்சான். "மூழ்குமா?" என்றால், "மூழ்கினா என்ன சார், கரை பக்கம்தானே" என்கிறார். ஆனால் படகு என் கனவிலிருந்து எழுந்து வந்ததுபோல இருந்தது. பெயிண்ட் உரிந்திருந்தது, ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. என்ஜின் ஐஸ்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது, இருந்தும் இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. இரைச்சல் மட்டும் உங்கள் பட்டறையில் எல்லா லாரியும் ஒன்றாக உறுமியதுபோல. பின்னால் தூண்டில் செருகக் குழாய், முன்னால் சின்ன அறை, இரண்டு படுக்கை, அலமாரி மாதிரி ஒரு கழிப்பறை. விலையும் கைக்கு எட்டியது. படகுத்துறை வாடகை, வருடா வருடம் அடிப்பாகம் சுரண்டிப் பூசுவது எல்லாம் சேர்த்தால் சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் என்றாலும், எப்படியாவது ஓட்டிவிடலாம். வெள்ளோட்டம் கிளம்பியதும், படுக்கை நீளம் போதுமா என்று சும்மா படுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று கனவுகூட வரவில்லை, அப்படி ஒரு தூக்கம். விழித்தபோது படகு துறைக்குத் திரும்பியிருந்தது, என்ஜினும் நின்றிருந்தது. மேலே ஏறி வந்தேன். உங்கள் தங்கை முன்பலகையில் நிற்கிறாள். முடி கலைந்திருக்கிறது, முகமெல்லாம் ஈரம், கண் சிவந்திருக்கிறது. பாவி, பெண்டாட்டியை முதல்முறை தண்ணீரில் கூட்டி வந்து, அழவிட்டுத் தூங்கியிருக்கிறேனே! உடனே மாஸ்டரிடம், "இந்தப் படகு எங்களுக்கு ஒத்து வராது, மன்னிச்சுக்கோங்க" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். மறுநாள் காலையில் பையோடு வாசலில் நின்றாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன்." எப்போது வருவாய் என்றேன். "நீங்க முழிச்ச பிறகு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒன்று நடந்தது மச்சான். டீ போடலாம் என்று அலமாரியிலிருந்து பாத்திரத்தை எடுத்தேன், சத்தம் வரவில்லை. பார்த்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு மடித்த துணி. கதவைத் திறந்தேன், கீல்களில் எண்ணெய் வழிகிறது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருக்கிறாள். என் அறைப் பக்கத்து மணிக்குள் பஞ்சு. பகல் தூக்கத்தில் ஒரு கரண்டி விழுந்தால்கூட விழித்துக்கொள்கிறவன் நான். அதற்காக இந்த வீட்டில் சத்தம் போடக்கூடிய அத்தனையின் வாயையும் அவள் கட்டி வைத்திருக்கிறாள், தன் வாயையும் சேர்த்து. நூலகத்திலும் மௌனம், வீட்டிலும் மௌனம். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூனை வந்து மடியில் படுத்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதிலென்ன வெட்கம்?

ஆகவே படகு வேண்டாம். தண்ணீரிலும் அவள் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டாம். வாங்கி வைத்திருந்த தூண்டிலைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன், ஒட்டடை அடிக்கத் தோதாக இருக்கிறது என்கிறார். இப்போது பகலில் விழித்திருக்கப் பழகுகிறேன். முக்காலியில் உட்கார்ந்தால் தூங்கி விழுந்துவிடுகிறேன், நின்றுகொண்டால் சுவர் தாங்கிக்கொள்கிறது. சத்தத்துக்கும் பழகுகிறேன். நானே ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு, அது உருண்டு அடங்குவதற்குள் தூங்கப் பார்க்கிறேன். பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். இதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். வீட்டில் அவள் உரக்கப் பேசலாம், பாத்திரத்தை உருட்டலாம், கதவை அடித்துச் சாத்தலாம், வந்தால் போதும்.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பட்டறை நன்றாக நடக்கிறதா? வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் நூறு லாரிக்கு அடியில் படுத்து நலமாக எழுந்து வர என் மனமார்ந்த பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட (இனிமேல்)
மாப்பிள்ளை.

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன், வாசலில் உங்கள் தங்கை. நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டதாகச் சொன்னாள், ஒரு போன் செய்திருக்கலாம். படகை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "யாரைக் கேட்டு விட்டீங்க?" என்றாள், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. "அன்னிக்கு அந்த என்ஜின் இரைச்சல்ல, நான் மெதுவா பேசிப் பார்த்தேன், நீங்க முழிக்கலை. சத்தமா பேசினேன், முழிக்கலை. அப்புறம் பாட ஆரம்பிச்சுட்டேன். மாஸ்டர் சக்கரத்தை என் கையில குடுத்துட்டார். வளைச்சு வளைச்சு ஓட்டிக்கிட்டு, தொண்டை கிழியப் பாடிக்கிட்டு, அலை தெறிச்சு மூஞ்சியெல்லாம் தண்ணி, எனக்குச் சிரிப்புத் தாங்கலை. நீங்க புரண்டுகூடப் படுக்கலை. அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை. நீங்க எழுந்து வந்து, என்னை ஒரு வார்த்தை கேக்காம, வேண்டாம்னு சொல்லிட்டுப் போறீங்க!" உங்கள் வீட்டிலிருந்தே மாஸ்டருக்குப் போன் போட்டு, வேறு யாருக்கும் விற்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். பகலில் அவள் ஓட்டுவாளாம், நான் தூங்கலாமாம். ராத்திரி நான் மீன் பிடிக்கலாமாம், அவள் தூங்குவாளாம். சாயங்காலம் மட்டும் இருவரும் விழித்திருந்து சேர்ந்து உட்கார வேண்டுமாம், அதில் பேரமே கிடையாதாம். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து என்ஜினை ஒருமுறை பாருங்கள் மச்சான். எண்ணெய் மாற்றுங்கள், பெல்ட் மாற்றுங்கள், எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டுங்கள். அந்த இரைச்சலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.