குளிர் விட்டுவிட்டது, டிக்கெட் எடு

அன்புள்ள மிஸாவோவுக்கு, கென்சாகு எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், கூரை சௌக்கியம், அஸாஹிகாவா வானம் இன்று என்னைவிடச் சௌக்கியம். தெற்கே கதகதப்பான ககோஷிமாவில் உன் தங்கையும் வீட்டாரும் நலமாக இருக்கட்டும், உன் இருமலைத் தவிர.

"குளிர் விட்டதும் எழுதுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதனால்தான் ஒவ்வொரு நாள் வானிலையையும் எழுதுகிறேன். திங்கட்கிழமை நம் வீட்டு வெப்பமானி எட்டு டிகிரி காட்டியது. வானொலியில் இரண்டு என்றார்கள்; அவர்களுக்கு நம் தெருவைப் பற்றி என்ன தெரியும்? செவ்வாயன்று வெயிலை நம்பி, நாம் கால் நீட்டிக் குளிர்காயும் சூட்டுமேசையின் கம்பளியை வாசலில் காயப்போட்டேன், கூரைப் பனி மொத்தமும் சரிந்து அதன்மேல் விழுந்தது, தோண்டப் போனவன் இடுப்புவரை புதைந்தேன். பனி இறுகியிருந்தால் புதைவேனா? இளகிவிட்டது என்பதற்கு என் இடுப்பே சாட்சி. பக்கத்து வீட்டு குமகாய் வேலியோரம் நின்று, "என்னய்யா, வசந்தம் ஊருக்கே வந்துடுச்சா, இல்ல உன் வீட்டுக்கு மட்டும் வந்திருக்கா?" என்றான். "முதல்ல கையைக் குடுய்யா" என்றேன். கொடுத்தான், அவனும் விழுந்தான். புதன்கிழமை காரின் பனி டயர்களைக் கழற்றிச் சாதாரண டயர் மாட்டினேன். "அவசரப்படாதேய்யா" என்றான் குமகாய். அவனுக்குப் பொறாமை.

ஆற்றங்கரையில் வசந்தத்தின் முதல் கீரையான ஃபுகி மொட்டுகள் பனியை முட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. கல்யாணமான வருஷம் அவற்றைப் பறிக்கப் போய், ஒரு பூட்ஸைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைக்காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அன்றைய ஈரமண் வாசனை இன்று மறுபடி வந்தது. சொல்ல ஆளில்லாமல் குமகாயிடம் சொன்னேன். "அது எங்க வீட்டுச் சாக்கடைய்யா, அடைச்சிருக்கு" என்றான். நீ இருந்திருந்தால் ஆமாம், அதே வாசனைதான் என்று சொல்லியிருப்பாய்.

ஆகவே குளிர் விட்டுவிட்டது, டிக்கெட் எடு. உன் தங்கைக்கு என் ஆசிகள், அவள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கென்சாகு

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். விடியற்காலையில் இறுகிய பனியில் கார் சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. குமகாய்தான் கயிறு கட்டி இழுத்தான், சிரித்துக்கொண்டே. மேலே எழுதிய எதையும் நம்பாதே. வெப்பமானி, சோறு வேகும் ஆவி வெளியே போகிற ஜன்னலடியில் தொங்குகிறது. இப்போது வராதே, இருமல் முதலில் போகட்டும். கம்பளியை உலர்த்தி மறுபடி சூட்டுமேசையில் விரித்தேன். நீ இல்லாத ஏக்கத்தில் உன் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். கதவிடுக்குக் காற்று நேரே முதுகில் அடிக்கிறது. இத்தனை வருஷமும் அங்கேயா உட்கார்ந்திருந்தாய்? இடுக்கில் துணி அடைத்திருக்கிறேன். ஆனாலும் இனி அது என் இடம். நீ வரும்போது என் பக்கம் உட்கார், அங்கே காற்றே வராது.