கொடுக்கிறவர்தான் முதல் ஆள்

உதவி செய்ய வந்தவர்களையே வியர்க்க வைத்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் லைன்காரர், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில் குடியிருந்தவர். தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் பெல்லு மாமாவைத் தெரியாதவர் இல்லை. சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

சுரங்கம் ஓடின காலத்தில் ஆழக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று பெல் அடிப்பது அவர் வேலை. அவர் அடித்தால்தான் ஆட்களோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டு கீழே இறங்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேஜில் ரிப்பேர் பார்த்தவர் முதலில் ஏறி இறங்கி வரவேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள். துரையே கை வைத்திருந்தாலும் துரைதான் முதல் ஆள்.

சுரங்கத்தை மூடினார்கள். மாமா வழக்கத்தை மூடவில்லை. வீட்டு வாசலில் பெல்லுக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

பிறகு பெங்களூர்க் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செய்யவேண்டும் என்று சட்டமாம். சிஎஸ்ஆர் என்பார்கள். முதலில் பேனர் வரும். அப்புறம் தொப்பி, போட்டோகிராபர். கடைசியில் பொருள் வரும். விழா நடப்பது மாமா வீட்டுக்கு எதிர் மைதானத்தில். மாமா போய் முன்னால் நிற்பார்.

ஸ்கூல் பை கொடுக்க வந்த மேனேஜரிடம், "மொதல்ல நீங்க மாட்டுங்க சார்" என்றார். மேனேஜர் நல்ல உடம்பு. மாட்டிவிட்டார். கழற்ற முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "பை கெட்டியா கீது" என்று மாமா போய்த் தண்டவாளத்தைத் தட்டினார். அவர் தட்டினால் சரி என்று அர்த்தம்.

கொசுவலை கொண்டுவந்தவர் பட்டப்பகலில் பாய் போட்டு வலைக்குள் படுத்தார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, "தூக்கம் வருதா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தையல் மிஷின் கொடுக்க வந்த அம்மாவிடம்தான் வம்பாகிவிட்டது. "ஒரு ஜாக்கெட் தச்சுக் காட்டுங்கமா" என்றார். அந்த அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. கோபத்தில் மிஷின்களை வண்டியில் ஏற்றி, பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் ஒன்று என் பெண்டாட்டி யசோதாவுக்கு வரவேண்டியது. அன்றிலிருந்து மாமாவைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்புறம் கக்கூஸ் வந்தது.

எங்கள் லைன் வீடுகளில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியுமுன், சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் போவார்கள். ஒருமுறை யசோதா அங்கே சறுக்கி விழுந்து கால் பிசகி, நான் போய்த் தூக்கி வந்தேன். ஒரு கம்பெனி லைனுக்கென்று கட்டிக்கொடுத்தது. வெள்ளை டைல், நீலக் கதவு, மேலே டேங்க். அழகு.

திறப்பு விழா அன்று காலையிலேயே யசோதா மாமா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, இன்னிக்கி வாயத் தொறக்காதீங்க. மிஷின் போனமாரி இதுவும் போச்சுன்னா சும்மா வுடமாட்டேன்."

"நான் இன்னாமா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் சொல்றேன்."

கம்பெனி ஆபீசர் சின்ன வயசு. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். மாமா வாயைத் திறக்கவில்லை. நேராகப் போய் ரிப்பனுக்கு முன்னால் நின்று, கதவைக் கை காட்டினார்.

"அய்யோ மாமா!" என்று யசோதா கத்தினாள்.

"என்ன சொல்றாரு?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

"மொதல்ல நீங்க போவணுமாம்."

"எங்க?"

"உள்ள."

ஆபீசர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. ஆபீசர் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். பேருக்கு நின்றுவிட்டு வருவார் என்று நினைத்தோம். பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பிய மனிதர். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறக்கவில்லை. குழாய் திருகும் சத்தம். மறுபடியும் திருகும் சத்தம். பிறகு மெல்லிசாக ஒரு குரல்.

"யாராவது இருக்கீங்களா?"

லைனே இருந்தது.

"தண்ணி வரலையே."

டேங்குக்குப் பைப்பே போடவில்லை. முதலில் போட்டோ, பைப் பிறகு என்று காண்ட்ராக்டர் விட்டுவிட்டாராம். மாமாவுக்கும் இது தெரியாது. அவருக்குத் தெரிந்தது வழக்கம் ஒன்றுதான்.

யசோதா வீட்டிலிருந்து பக்கெட் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டினாள். "பாத்து ஊத்துங்க சார். டேங்கர்ல சண்டை போட்டுப் புடிச்ச தண்ணி."

வெளியே வந்தவர் முகம் சிவந்திருந்தது. போச்சு, டைலோடு பேர்த்து வண்டியில் ஏற்றிவிடுவார் என்று நினைத்தோம். யசோதா கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் கத்தரிக்கோலை மாமா கையில் கொடுத்தார்.

"பைப் போட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் நீங்க வச்சிருங்க."

"சார், போட்டோ?" என்றார் போட்டோகிராபர்.

"எதப்பா எடுப்ப?"

சொன்னபடி பைப் வந்தது. மறுபடியும் ரிப்பன் கட்டினார்கள். மறுபடியும் ஆபீசரே உள்ளே போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் வெளியே கேட்டது. மாமா ஓடினார். அன்றைக்குத் தட்டினதுபோல அவர் என்றைக்கும் தட்டியதில்லை. அடுத்த ஆளாக யசோதா போனாள். மிஷினை மட்டும் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மாமா இப்போது இல்லை. தண்டவாளத் துண்டு அதே இடத்தில் தொங்குகிறது. விடியற்காலையில் கக்கூஸுக்கு அந்தப் பக்கமாகப் போகும்போது யசோதா அதை விரலால் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தச் சத்தம் வராத நாளில் எனக்கு எழுந்திருக்க மனசு வருவதில்லை.