இருபத்திரண்டோடு நிறுத்தும் மாமா

திருப்பருத்திக்குன்றம்
12.11.2003

மதிப்பிற்குரிய குணமாலா அண்ணிக்கு,

கௌசல்யா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

மாமாவின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் அல்லவா, நோய் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊசியே எலும்பையும் தசையையும் கரைக்குமாம். "உடம்புக்கு வேலை கொடுக்கலைன்னா, சும்மா வழுக்கினாலே இடுப்பு எலும்பு போயிடும்மா" என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வேகமாக நடக்கச் சொன்னார். உங்க அப்பாவா வேகமா நடப்பார்? மழைக்குப் பாதையெல்லாம் எறும்பு, மரவட்டை, எந்த உயிரையும் மிதிக்கக்கூடாதென்று குனிந்து குனிந்து போய், ஓர் எறும்பு வரிசை கடக்கட்டும் என்று ரோட்டோரம் நின்றிருக்கிறார். டவுன் பஸ் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, "ஏறு பெரியவரே, எவ்ளோ நேரம் யோசிச்சிக்கினு இருப்பே?" என்று சத்தம் போட, மரியாதைக்காக ஏறி, பஸ் ஸ்டாண்டு வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினார். சரி, எடையாவது தூக்கட்டும் என்று இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். "வடிகட்டினியாம்மா?" என்றார். "குடிக்க இல்ல மாமா, தூக்கறதுக்கு." "உள்ள இருக்கிற உயிருங்களுக்கு அது தெரியுமா? ஆட்டிக்கினே இருந்தா அதுங்களுக்குத் தலை சுத்தாது?" என்று செடிக்கு மெதுவாக ஊற்றிவிட்டார்.

கடைசியாக, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி. "நாற்காலிக்கு எதுக்கும்மா இவ்ளோ மரியாதை?" என்றார். எதிர்ச் சுவரில் இருபத்து நாலு தீர்த்தங்கரர் படத்தை மாட்டினேன். அவர்கள் பேரைச் சொன்னால் எழுந்திருக்கத்தானே வேண்டும்! ஆதிநாதரில் தொடங்கி ஒவ்வொரு பேருக்கும் எழுகிறார். நிற்கப் பழகும் எங்கள் ஸௌம்யாவும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொப்பென்று உட்காருகிறாள்.

ஆனால் அண்ணி, இருபத்திரண்டாவதான நேமிநாதர் வந்ததும் நிறுத்திவிடுகிறார். "என் பேரோட போதும்மா" என்கிறார். சாப்பாடும் குறைந்துவிட்டது. நம்மில் பெரியவர்கள் உடம்பை விட்டுவிடத் தீர்மானித்து உணவைக் குறைத்துக்கொண்டே போவார்களே, அதுதானோ என்று பயமாக இருக்கிறது. உங்க தம்பியோ, "அப்பாவுக்குத் தெரியாததா?" என்று பேப்பரைப் பிரிக்கிறார். நீங்கள் சொன்னால்தான் மாமா கேட்பார். உடனே நாக்பூரிலிருந்து புறப்பட்டு வாருங்கள்.

அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எங்களை ஆசீர்வதியுங்கள்.

கௌசல்யா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் கோயில் பூசகர் கூப்பிட்டார். "உங்க மாமா தினமும் காலையில இங்க படிக்கட்டுல இருபத்து நாலாவது மகாவீரர் வரைக்கும் உட்கார்ந்து எழுந்துட்டுத்தான் வீட்டுக்குப் போறாரு. பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குதும்மா" என்றார். திரும்பி வந்து மாமாவைக் கேட்டேன். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே? வீட்டுல இருபத்திரண்டோட நிறுத்தினேன், அவ்ளோதான். நீ பயந்தா குணமாலாவுக்கு எழுதுவே. அவளைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆவுதும்மா." சாப்பாட்டைக் குறைத்ததும் அதற்குத்தானா என்றேன். இன்னொரு இட்லி கேட்டார். ஆகவே மேலே எழுதியிருக்கும் கவலை எதையும் நம்ப வேண்டாம். ஆனாலும் வாருங்கள் அண்ணி. மிச்சம் இரண்டு பேரை உங்கள் முன்னால் முடிப்பதற்காக வைத்திருக்கிறாராம்.